நாளுக்கு நூறு முறை அழைக்கப் போகும் பெயர்!

வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து தாயும் சேயும் நல்லபடியாக வீடு வந்தாயிற்று. ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தாயிற்று. அப்புறம் என்ன? தொலைபேசி மணி அடித்தபடி இருக்கும். 'பிள்ளை யார் ஜாடை?' என்பது முதல் கேள்வி. 'என்ன பேர் வைக்கப் போறீங்க?' என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னாலும் சண்டை வராது. இரண்டாவது கேள்வியில்தான் வீடு இரண்டாகப் பிரியும்! மாமியார் ஒரு பெயர் சொல்வார். பெண்ணைப் பெற்றவர்கள் ஒன்று சொல்வார்கள். கணவர் கைபேசியில் தேடி, நட்சத்திர எழுத்துப்படி நாற்பது பெயர் எழுதி வைத்திருப்பார். பெற்றவளோ, கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் கேட்க மட்டும் எவருக்கும் தோன்றியிருக்காது.

குழந்தைக்கு நாம் பாலாடை வாங்குகிறோம், தங்கக் காப்பு வாங்குகிறோம். பாலாடை ஒரு வருடத்தில் பரணுக்குப் போய்விடும். காப்பு சின்னதாகிவிடும். கடைசி மூச்சு வரை கூடவே வருகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது நாம் சூட்டும் பெயர். அதனால்தான் நம் பெரியவர்கள் பெயர் சூட்டுவதை வெறும் விழாவாக வைக்காமல், 'நாமகரணம்' என்ற சம்ஸ்காரமாகவே வைத்தார்கள்.

நாமகரணம் என்ன சொல்கிறது?

பிள்ளை பிறந்ததும் பத்து நாள் பிறப்புத் தீட்டு. பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்து, கலச தீர்த்தத்தை வீடு முழுக்கத் தெளித்து, அன்றே பெயர் சூட்டுவது பலருடைய வழக்கம். பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. எது உங்கள் குல வழக்கமோ, அதுவே உங்களுக்குச் சரி. அயோத்தியில் தசரத குமாரர்களுக்கும் பதினோரு நாட்கள் கழிந்த பிறகே குலகுருவான வசிஷ்டர் பெயர் சூட்டினார் என்கிறது வால்மீகி ராமாயணம்.

தாயின் மடியில் குழந்தை. எதிரே தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி. தங்க மோதிரத்தாலோ, விரலி மஞ்சளாலோ அந்த அரிசியில் தகப்பனார் பெயரை எழுதுவார். பிறகு குழந்தையின் வலது காதில் மெதுவாக மூன்று முறை சொல்வார். சில குடும்பங்களில் அத்தைக்கு இந்த உரிமை உண்டு. அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து காதில் சொல்வார்கள். ஊர் அழைக்கும் முன்பு, அந்தப் பெயரை உரியவன் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்! எவ்வளவு மரியாதை பாருங்கள், பத்து நாள் குழந்தைக்கு!

பெயர் எப்படி இருக்கவேண்டும் என்றும் கிருஹ்ய சூத்திரங்கள் சொல்கின்றன. ஆண் குழந்தையின் பெயர் இரண்டு அசை, நான்கு அசை என்று இரட்டைப்படையில் அமையலாம். அழுத்தமாக ஒலிக்கும் எழுத்தில் தொடங்கி, நடுவில் ய, ர, ல, வ போன்ற மெல்லோசை வரலாம் என்பது அவற்றின் கருத்து. 'ராம' என்றால் இரண்டு அசை. 'நாராயண' என்றால் நான்கு. சரிதானே? ஆனால் கேசவ, மாதவ, கோவிந்த என்பவை மூன்று மூன்று அசைகள் ஆயிற்றே! தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் கேசவன்களும் கோவிந்தன்களும் வளர்ந்து, வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். எழுத்துக் கணக்கை நம் முன்னோர்கள் மதித்தார்கள். அதைவிடப் பகவானின் பெயரைப் பெரிதாக மதித்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நட்சத்திர எழுத்து கிடைக்கவில்லையே...

இது பல அம்மாக்களின் கவலை. அஸ்வினி என்றால் சு, சே, சோ, லா. பரணி என்றால் லி, லு, லே, லோ என்று ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. சில நட்சத்திரங்களுக்கு வரும் எழுத்தில் நல்ல பெயரே அமையாது. உடனே அர்த்தமே இல்லாத ஒரு சப்தத்தைப் பெயராக வைத்துவிடுகிறார்கள். 'என்ன அர்த்தம்?' என்று கேட்டால், 'கேட்க நல்லா இருக்கு' என்பதுதான் பதில்.

இதற்கு இவ்வளவு அவஸ்தை தேவையே இல்லை. நாமகரணத்தில் ஒரே ஒரு பெயர் வைப்பது என்ற கட்டாயம் கிடையாது. குலதெய்வத்தின் பெயர் ஒன்று. கேசவன், நாராயணன் முதலான பன்னிரு நாமங்களில் பிறந்த மாதத்துக்கு உரிய பெயர் ஒன்று. நட்சத்திரத்தை ஒட்டிய பெயர் ஒன்று. உலகத்தார் அழைக்க வ்யவஹாரப் பெயர் ஒன்று. இப்படி நான்குக்கும் இடம் உண்டு. நட்சத்திரப் பெயரை வெளியில் சொல்லாமல் பெற்றோர் மட்டும் அறிந்து வைத்திருக்கும் வழக்கம்கூட அந்தக் காலத்தில் இருந்தது. ஆகவே, எழுத்துப்படி ஒரு பெயரை அரிசியில் எழுதுங்கள். அழைப்பதற்கு அர்த்தமுள்ள பெயரை வையுங்கள்.

ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, நடுவில் ஓர் எழுத்தை அதிகமாகச் செருகுவது நம் கிருஹ்ய சூத்திரங்களில் சொல்லப்பட்டதல்ல. செய்தே ஆகவேண்டும் என்று பயந்து செய்யாதீர்கள். பயந்துகொண்டு வைக்கும் பெயரில் ஆசீர்வாதம் எங்கே இருக்கும்?

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழுக்காக அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயர் முடிவாகாவிட்டால், பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. நிதானமாக யோசிக்க அரசாங்கமே அவகாசம் கொடுத்திருக்கிறது!

ஊரைச் சொல்லும் பெயர்கள்

முன்பெல்லாம் பெயரைக் கேட்டாலே ஊரைச் சொல்லிவிடலாம். வரதராஜனா? காஞ்சிபுரம். ராஜகோபாலனா? மன்னார்குடி. சௌரிராஜன் என்றால் திருக்கண்ணபுரம். பூவராகன் என்றால் ஸ்ரீமுஷ்ணம். தியாகராஜன் திருவாரூர், மகாலிங்கம் திருவிடைமருதூர், தாயுமானவன் திருச்சி, நெல்லையப்பன் திருநெல்வேலி, அவிநாசியப்பன் அவிநாசி, அர்த்தநாரி திருச்செங்கோடு. வீரராகவன் என்றால் திருவள்ளூர். பார்த்தசாரதி என்றால் நம் திருவல்லிக்கேணி. ஊரை விட்டு எங்கே போனாலும் ஊர்த் தெய்வம் பெயராகக் கூடவே வந்தது.

கண்ணீரில் பிறந்த பெயர்களும் உண்டு. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்து பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து 'குப்புசாமி' என்பார்கள். 'நீ போட்ட பிச்சை' என்று தெய்வத்திடம் சொல்லி 'பிச்சை' என்பார்கள். கோயிலில் சுவாமிக்குத் தத்துக் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவார்கள். இன்று அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறோம். அவற்றின் பின்னே, 'இந்த ஒன்றையாவது விட்டுவை' என்று கும்பிட்ட ஒரு தாய் இருந்தாள். அதை மறந்துவிடக் கூடாது.

பெரியாழ்வார் யாரிடம் பேசுகிறார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் பிள்ளைக்குப் பெயரிடுவதைப் பற்றியே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அவர் திருமொழியின் நான்காம் பத்தில் இருக்கிறது. காசு கிடைக்கும், துணி கிடைக்கும் என்ற ஆசையில் மனிதர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறீர்களே என்று அதில் வருந்துகிறார். பெருமானின் திருநாமத்தை வையுங்கள் என்கிறார். அப்படி வைத்தால் என்ன கிடைக்கும்? பிள்ளைக்குக் கிடைப்பதை அவர் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்ற அம்மாவுக்கு நரகம் இல்லை என்கிறார்!

ஏன் அம்மாவுக்கு? யோசித்துப் பாருங்கள். பெயரைத் தேர்ந்தெடுப்பது யாராக இருந்தாலும், அதை நாள் முழுக்க அழைக்கப் போவது அவள்தானே! 'கேசவா, எழுந்திரு... கேசவா, பால் குடி... கேசவா, வெயில்லே ஓடாதே!' விளக்கேற்றி உட்கார்ந்து ஜபிக்க நேரமில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தாய், அடுப்படியில் நின்றபடியே ஆயிரம் நாமம் சொல்லிவிடுகிறாள்.

பாகவதத்தில் வரும் அஜாமிளன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கன்யாகுப்ஜத்து அந்தணன்; நெறி தவறிப் போனவன். அவனுக்குப் பத்துப் பிள்ளைகள். கடைக்குட்டியின் பெயர் நாராயணன். எண்பத்தெட்டு வயதுக் கிழவனாகச் சாகக் கிடந்தபோது, எம தூதர்களைக் கண்டு நடுங்கி, தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனைத்தான் அவன் கூப்பிட்டான். விஷ்ணு தூதர்கள் வந்து நின்றார்கள். அவன் அன்று புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைப் பாசத்தில் அழைத்து அழைத்துப் பழகிய பெயர், பயத்திலும் வாயில் வந்தது. அவ்வளவுதான்.

பெயரைக் காப்பாற்ற வந்த பெரியவர்

சைவத்திலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். இன்று குழந்தைகளுக்கு அன்னப்பிராசனம் செய்யப் பலர் போகும் சந்திரன் தலம். அங்கே வாழ்ந்தவர் அப்பூதி அடிகள். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. ஆனாலும் தன் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வீட்டில் உள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும், வழியில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர்தான்!

ஒரு நாள் அப்பரே அந்த வழியாக வந்தார். தன் பெயரில் பந்தலைப் பார்த்து வியந்து, அடிகளின் வீட்டுக்கு வந்தார். அடிகளுக்குத் தலைகால் புரியவில்லை. அமுது தயாரானது. மூத்த பிள்ளையை வாழைக்குருத்து அரிந்து வர அனுப்பினார்கள். தோட்டத்தில் பாம்பு தீண்டிவிட்டது. விஷம் ஏறும் முன் இலையைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஓடி வந்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை சாய்ந்தான்.

பெற்றவர்கள் அழவில்லை. அடியாருக்கு அமுது தடைப்படக் கூடாதே என்று உடலை மறைத்து வைத்து, இலை போட்டார்கள். அப்பரோ, 'பிள்ளைகளுக்குத் திருநீறு கொடுக்க வேண்டும், மூத்தவன் எங்கே?' என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் இலையில் உட்காரவில்லை. பிள்ளையைக் கோயில் முன்பு கொண்டுவரச் சொல்லிப் பதிகம் பாடினார். தூங்கி விழித்தவன் போலப் பிள்ளை எழுந்தான்.

தன் பெயரைத் தாங்கிய குழந்தையை அந்தப் பெரியவர் கைவிடவில்லை. 'என் பெயர் வைத்த பிள்ளை' என்ற உறவு ஒன்று உண்டு அம்மா! மனிதருக்கே அந்தப் பாசம் இருக்குமானால், சுவாமிக்கு இருக்காதா?

ஒரு வீட்டில் நடந்தது

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பேரன் பிறந்தான். பிள்ளையின் தாத்தா காலமாகி ஒரு வருடம் முடிந்திருந்தது. 'அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும்' என்பது பாட்டியின் ஆசை. அது காவிரிக்கரை ஊர் ஒன்றில் கோயில் கொண்ட சுவாமியின் பெயர். மருமகள் சம்மதிக்கவில்லை. 'பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், வெளிநாடு போனால் உச்சரிக்கவே வராது' என்றாள். பாட்டி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

புண்ணியாகவாசனத்துக்கு முதல் நாள் வரை இதே நிலைமை. அன்று மாலை, குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் மருமகள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. வெளிநாடு அது இதுன்னு நான் சொன்னது பாதிதான் நிஜம். மாமா பெயரைச் சொல்லி இவனை எப்படி அதட்டுவேன்? 'வாடா, போடா'ன்னு எப்படிக் கூப்பிடுவேன்? என்னைப் பெத்த அப்பா மாதிரி பார்த்துக்கிட்டவர். எனக்கு நாக்கு வராதும்மா!"

பாட்டியின் கை அப்படியே நின்றுவிட்டது. "எனக்கும்தான் வராது" என்றார்.

ஆமாம். அவர் அந்தக் காலத்து மனுஷி. ஐம்பது வருட இல்லறத்தில் கணவர் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால், பக்கத்தில் இருக்கும் பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வார். அந்த ஊர் சுவாமியைக்கூட 'எங்க ஊர் சுவாமி' என்றுதான் சொல்வார்! சொல்லவே முடியாத ஒரு பெயருக்காகத்தான் அவர் இரவு பட்டினி கிடந்திருக்கிறார். வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்ல, காதால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதுதான் அவர் ஆசை.

மறுநாள் வாத்தியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா இத்தனை நாள்? நாலு பேருக்கு சாஸ்திரம் இடம் கொடுத்திருக்கே பாட்டி! தாம்பாளத்திலே அரிசிக்கா பஞ்சம்?" என்றார். தாத்தாவின் பெயரைச் சங்கல்பத்துக்கு உரிய பெயராக முதலில் எழுதினார்கள். அழைப்பதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருமகள் விரும்பிய சின்னப் பெயர். அதுவும் அந்தச் சுவாமியின் திருநாமங்களில் ஒன்றுதான். அவளே தேடி எடுத்திருந்தாள்.

தகப்பன் காதில் சொன்னான். அத்தை சொன்னாள். கடைசியாகப் பாட்டியை அழைத்தார்கள். அவர் குனிந்து, புடவைத் தலைப்பால் தன் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் சேர்த்து மறைத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். ஐம்பது வருடங்களாக நெஞ்சிலேயே வைத்திருந்த பெயரைப் பேரன் காதில் இறக்கி வைத்துவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. மருமகள்தான் முதலில் அழுதாள்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலும் தொட்டில் ஆடும் வேளை வரும். அப்போது இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பெற்றவளைக் கேளுங்கள். பத்து மாதம் சுமந்தவளின் மனதில் ஒரு பெயர் நிச்சயம் இருக்கும். அது நாகரிகமாக இருக்கிறதே என்று உடனே ஒதுக்காதீர்கள். அதே பொருளில், அதே ஒலியில் ஒரு திருநாமம் இருக்கிறதா என்று சேர்ந்து தேடுங்கள். சுவாமிக்கு ஆயிரம் நாமம் இருப்பது இதற்கும்தானே!

மருமகளாக இருப்பவர்களே, தாத்தா பெயர் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால், அது அதிகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனவரைத் திரும்பக் கூப்பிட வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு பேர் ஆசையும் ஒத்துவராவிட்டால், அரிசியில் இரண்டையும் எழுதுங்கள். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்!

பெயரின் அர்த்தத்தை எழுதி வைத்து, விவரம் தெரியும் வயதில் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வைத்த பெயரைச் சுருக்கிச் சிதைக்காமல் அழையுங்கள். நாராயணனை 'நானி' ஆக்கிவிட்டால், அஜாமிளனுக்குக் கிடைத்தது நமக்கு எப்படிக் கிடைக்கும்?

பெரிய மண்டபம் பிடித்துச் செய்ய வசதியில்லையே என்று ஏங்காதீர்கள். ஆயர்பாடியில் கண்ணனுக்கு எங்கே பெயர் சூட்டினார்கள் தெரியுமா? கம்சனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மாட்டுக் கொட்டிலில், ரகசியமாக! யாதவ குல குருவான கர்க்கர் வந்தார், நந்தகோபன் வேண்டிக்கொண்டார். மேளம் இல்லை, விருந்து இல்லை, உற்றார் உறவினர் கூட்டமும் இல்லை. பலராமனும் கிருஷ்ணனும் அங்கேதான் தங்கள் பெயர்களைப் பெற்றார்கள். உலகமே இன்றுவரை அந்தப் பெயர்களைச் சொல்லி உருகுகிறது.

ஒரு தாம்பாளம், ஒரு படி பச்சரிசி, மனம் ஒத்த பெரியவர்கள், நல்ல திருநாமம். இவை போதும். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பெயரோடு நூறாண்டு வாழட்டும்! அவனை அழைக்கும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு உரிய சுவாமியும் உங்கள் வீட்டை நோக்கித் திரும்பிப் பார்க்கட்டும்!